அமெரிக்காவில் ஆடியாலஜி, ஸ்பீச் பேத்தாலஜி மேற்படிப்பு: விண்ணப்பிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆகஸ்ட் பிறந்தால் போதும், "அக்கா, ஒரு சின்ன சந்தேகம்" என்று வாட்ஸ்அப்பில் ஆரம்பித்துவிடுவார்கள். சின்ன சந்தேகம் ஒன்பது கேள்வியாக முடியும். நான் அமெரிக்காவில் ஸ்பீச் பேத்தாலஜி (பேச்சு, மொழி, விழுங்குதல் சிக்கல்களுக்கான சிகிச்சை) மாஸ்டர்ஸ் முடித்து, இப்போது ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். தம்பி தங்கைகளின் விண்ணப்பங்களைப் படித்துத் திருத்திக் கொடுப்பது எப்படியோ ஒரு பக்க வேலையாகிவிட்டது. ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே வைத்துவிடுகிறேன். கட்டணமும் கடைசித் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அவற்றை அந்தந்தக் கல்லூரியின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடியாலஜி (காது கேட்டல் தொடர்பான துறை), ஸ்பீச் பேத்தாலஜி, இரண்டும் ஒரே படிப்புதானே? சேர்ந்த பிறகு மாறிக்கொள்ளலாமா?

இந்தியாவில் பிஏஎஸ்எல்பி (ஆடியாலஜி, ஸ்பீச் பேத்தாலஜி இளநிலைப் பட்டம்) படித்தவர்களுக்கு வரும் முதல் குழப்பம் இது. அங்கே இரண்டும் ஒரே பட்டத்தில் சேர்ந்தே வரும். அமெரிக்காவில் தனித்தனித் தொழில், தனித்தனி உரிமம். ஸ்பீச் பேத்தாலஜிக்கு மாஸ்டர்ஸ் போதும், ஏறக்குறைய இரண்டு வருடம். ஆடியாலஜிக்கு ஏயு.டி. என்ற டாக்டர் பட்டம் வேண்டும். பெரும்பாலான இடங்களில் நான்கு வருடம், சில இடங்களில் மூன்று.

தொழில்முறைச் சான்றிதழ் தருவது ஆஷா, அதாவது அமெரிக்கன் ஸ்பீச்-லாங்குவேஜ்-ஹியரிங் அசோசியேஷன். 1925-ல் தொடங்கிய அமைப்பு. 2012 முதல் ஆடியாலஜி சான்றிதழுக்கு டாக்டர் பட்டத்தைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். ஆகவே "ஆடியாலஜியில் எம்எஸ் பண்ணப் போகிறேன்" என்று யாராவது சொன்னால் பழைய தகவலை வைத்திருக்கிறார் என்று அர்த்தம். நடுவில் மாறுவது என்பது நடைமுறையில் புதிதாக விண்ணப்பிப்பதுதான். எனவே முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாவிட்டால், இரண்டு தொழிலிலும் ஒரு முழு நாள் கூடவே இருந்து பாருங்கள். ஆடியாலஜியில் கருவி, அளவீடு, காது கேட்கும் கருவியைப் பொருத்துதல், காக்ளியர் இம்ப்ளாண்ட், தலைசுற்றல் பரிசோதனை. ஸ்பீச்சில் குழந்தைகளின் பேச்சும் திக்குவாயும் மட்டும்தான் என்று நினைத்து வருபவர்கள் அதிகம். என் மருத்துவமனை நாளில் பாதி விழுங்குவதில் சிக்கல் உள்ளவர்களோடுதான் போகிறது. பக்கவாதம் வந்தவர் தண்ணீர் குடித்தால் அது நுரையீரலுக்குப் போகிறதா என்று பார்ப்பதும் எங்கள் வேலைதான். அதைப் பார்த்து முகம் சுளிக்காதவர்கள் தாராளமாக வரலாம்.

பிஏஎஸ்எல்பி முடித்தாயிற்று. நேராக அங்கே வேலைக்குப் போக முடியாதா?

முடியாது. ஸ்பீச்சுக்குக் குறைந்தபட்சம் மாஸ்டர்ஸ். கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் சங்கங்களோடு ஆஷாவுக்குப் பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம் உண்டு. அதில் இந்தியா இல்லை. ஆனால் ஸ்பீச்சில் ஏற்கெனவே மாஸ்டர்ஸ் முடித்தவர்கள், கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் ஆஷாவின் வெளிநாட்டுத் தகுதி மதிப்பீட்டு வழியைப் பார்த்துவிடுங்கள். படித்ததையே மறுபடி காசு கொடுத்துப் படிக்க வேண்டியதில்லை அல்லவா.

நான் இன்ஜினியரிங் (அல்லது பி.காம்., சைக்காலஜி, ஆங்கில இலக்கியம்). எனக்கு இடம் உண்டா?

உண்டு. என் வகுப்பிலேயே ஒரு கணக்காளர் இருந்தார். ஆனால் முன்தேவைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். இவற்றில் இரண்டு அடுக்கு இருக்கிறது. பலர் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் அடுக்கு ஆஷா கேட்பது: உயிரியல், இயற்பியல் அல்லது வேதியியல், புள்ளியியல், சமூக அறிவியல். நான்கும் கல்லூரி அளவில் படித்ததாக இருக்க வேண்டும். பிளஸ் டூவில் பயாலஜியில் எவ்வளவு எடுத்திருந்தாலும் கணக்கில் வராது. இன்ஜினியரிங் முடித்தவர்களிடம் மற்றவை பெரும்பாலும் இருக்கும், உயிரியல் இருக்காது. இலக்கியம் படித்தவர்களிடம் புள்ளியியல் இருக்காது.

இரண்டாவது அடுக்கு துறைப் பாடங்கள். ஃபோனெடிக்ஸ் (பேச்சொலியியல்), பேச்சு மற்றும் கேட்டல் உறுப்புகளின் உடற்கூறியல், குழந்தைகளின் மொழி வளர்ச்சி, அடிப்படை ஆடியாலஜி, ஸ்பீச் சயின்ஸ், சில இடங்களில் நரம்பியல் அடிப்படை. இவற்றை லெவலிங் பாடங்கள் என்பார்கள். ஆன்லைனில் எடுத்து முடிக்கலாம், ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். சில கல்லூரிகள் மூன்று வருட மாஸ்டர்ஸாக வைத்து முதல் வருடத்திலேயே இவற்றைச் சேர்த்துக் கற்றுக்கொடுக்கும். ஏயு.டி. கல்லூரிகள் பொதுவாக இதில் கொஞ்சம் தாராளம். துறைப் பாடம் குறைவாக இருந்தாலும் எடுத்துக்கொள்வார்கள்.

நீங்கள் குறிவைக்கும் ஐந்தாறு கல்லூரிகளின் பட்டியலை எக்ஸெல்லில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு கல்லூரி ஃபோனெடிக்ஸ் கேட்கும், இன்னொன்று கேட்காது. எல்லாவற்றையும் படிக்கப் புறப்பட்டால் வருடமும் பணமும் வீண்.

எந்தக் கல்லூரி நல்ல கல்லூரி? ரேங்கிங் பார்க்கலாமா?

முதலில் அங்கீகாரத்தைப் பாருங்கள். கல்வி அங்கீகாரம் தரும் குழுவின் பெயர் சிஏஏ. (நம் ஊர்ச் செய்திகளில் வந்த சிஏஏ அல்ல!) அந்த அங்கீகாரம் இருக்க வேண்டும், அல்லது புதிய படிப்பாக இருந்தால் "கேண்டிடேட்" நிலையாவது இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் சான்றிதழும் உரிமமும் வாங்குவது பெரும்பாடு. ஆஷாவின் எட்ஃபைண்ட் தேடுதளத்தில் எல்லாக் கல்லூரிகளும் இருக்கும்.

அடுத்து, ஒவ்வொரு கல்லூரியும் தன் வலைப்பக்கத்தில் மூன்று எண்களைப் போட்டாக வேண்டும்: எத்தனை பேர் உரிய காலத்தில் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேர் பிராக்சிஸ் என்ற தொழில் தகுதித் தேர்வில் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது. ரேங்கிங்கை விட எனக்கு இந்த மூன்றில்தான் நம்பிக்கை. யுஎஸ் நியூஸ் வெளியிடும் ரேங்கிங் பட்டியல் என்பது மற்ற கல்லூரிக்காரர்கள் ஒரு கல்லூரியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்ற கருத்துக்கணிப்பு. ஆராய்ச்சிக்கு பி.எச்டி. போகிறவர்களுக்கு அதில் விஷயம் இருக்கலாம். கிளினிக்கில் வேலை செய்யப் போகிறவரிடம் எந்த மேலாளரும் "உங்கள் கல்லூரி எத்தனையாவது ரேங்க்" என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

கல்லூரிக்கு மின்னஞ்சல் எழுதினால் இதைக் கேளுங்கள்: வெளி மருத்துவமனைப் பயிற்சியிடங்களை நீங்கள் ஏற்பாடு செய்து தருவீர்களா, மாணவர்களே தேட வேண்டுமா? கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா? இரண்டாவது கேள்வி அற்பமாகத் தோன்றும். நாற்பது மைல் தள்ளி இருக்கும் பள்ளிக்குக் காலை ஏழரைக்குப் போய் நிற்கும்போது தெரியும்.

எனக்கு 72 சதவீதம். அது எவ்வளவு ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் அமெரிக்க மதிப்பெண் சராசரி)?

தயவுசெய்து 25-ஆல் வகுக்காதீர்கள். நம் பல்கலைக்கழகங்களில் 72 நல்ல மதிப்பெண். அமெரிக்க அளவில் 72 என்றால் சுமாருக்கும் கீழே. வகுத்தால் உங்களை நீங்களே குறைத்துக்கொள்கிறீர்கள். வெஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனத்திடம் பாடவாரியான அறிக்கை வாங்குங்கள். அவர்கள் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் முறையைப் பார்த்து மாற்றித் தருவார்கள். எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பார்கள் என்பதைக் கல்லூரியிடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அமெரிக்காவிலேயே லெவலிங் பாடம் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சி வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுத்து ஏ வாங்கினால் கல்லூரியின் மார்க்ஷீட்டில் பழையது மறையலாம். பொது விண்ணப்பத் தளம் இரண்டையுமே கூட்டிச் சராசரி போடும்.

அந்தப் பொது விண்ணப்பத் தளம் எப்படி வேலை செய்கிறது?

பெயர் சிஎஸ்டிகாஸ். பெரும்பாலான கல்லூரிகள் இதன் வழியாகத்தான் விண்ணப்பம் வாங்குகின்றன. கோடையில் திறக்கும், கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள். ஒரே விண்ணப்பத்தைப் பல கல்லூரிகளுக்கு அனுப்பலாம், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். சில கல்லூரிகள் அதற்கு மேல் தங்கள் சொந்த விண்ணப்பத்தையும் கேட்கும். அதை மறந்துபோனவர்கள் நிறைய.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நீங்கள் "சப்மிட்" அழுத்திய நாள் ஒன்று. மார்க்ஷீட் எல்லாம் வந்து சேர்ந்து அவர்கள் சரிபார்த்து "வெரிஃபைட்" ஆக்கும் நாள் வேறு. இடையில் சில வாரங்கள் ஓடிவிடும். சில கல்லூரிகளின் கடைசித் தேதி இந்த இரண்டாவது நாளைக் குறிக்கிறது. ஜனவரி 15 என்று போட்டிருந்தால் எந்த ஜனவரி 15 என்று கேட்டுவிடுங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. மார்க்ஷீட்டில் என் பெயர், பக்கத்தில் ஓர் எழுத்து இனிஷியல். பட்டச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்கு முன்னால். நமக்கு மூன்றும் ஒரே ஆள். அங்கே இருப்பவருக்கு மூன்று பேர். என் மார்க்ஷீட் யாருடையது என்று தெரியாமல் மூன்று வாரம் கிடப்பில் கிடந்தது, ஒரு கல்லூரியின் தேதி போயே போய்விட்டது. விண்ணப்பத்தில் "வேறு பெயர்கள்" என்று ஒரு கட்டம் இருக்கும். உங்கள் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறதோ அத்தனையையும் அங்கே போடுங்கள். பரிந்துரைக் கடிதத்திலும் மொழித் தேர்விலும் பாஸ்போர்ட் பெயரே இருக்கட்டும்.

ஜிஆர்ஈ (மேற்படிப்பு நுழைவுத் தேர்வு) எழுத வேண்டுமா?

2020-க்குப் பிறகு நிறையக் கல்லூரிகள் கைவிட்டுவிட்டன. உங்கள் பட்டியலில் ஒன்றிரண்டு மட்டும் கேட்டால், அவற்றை விட்டுவிட முடியுமா என்று யோசியுங்கள். ஜிபிஏ கொஞ்சம் குறைவு என்பவர்களுக்கு நல்ல ஜிஆர்ஈ மதிப்பெண் கைகொடுக்கும், மற்றவர்களுக்கு அந்த மூன்று மாதத்தைக் கட்டுரையில் செலவிடுவது மேல்.

என் ஆங்கில உச்சரிப்பு தமிழ்தான். ஸ்பீச் படிக்க விடுவார்களா?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள். விடுவார்கள். உச்சரிப்பைக் காரணம் காட்டி மாணவரையோ தொழில் செய்பவரையோ ஒதுக்கக் கூடாது என்று ஆஷா 1998-லேயே தன் நிலைப்பாட்டை எழுதி வைத்துவிட்டது. தேவைப்படுவது வேறு: பிறர் பேச்சில் இருக்கும் பிழையைக் காதால் பிடிக்க வேண்டும், சிகிச்சையில் இலக்கு ஒலியைச் சரியாகச் செய்து காட்ட வேண்டும். ஆங்கிலத்தில் "வி"யும் "டபிள்யு"வும் எனக்கு ஒன்றாகத்தான் வந்துகொண்டிருந்தன. செய்து காட்ட வேண்டிய நேரத்தில் பிரித்துச் செய்யப் பழகினேன், வீட்டுக்கு வந்ததும் பழையபடி. அதே வகுப்பில் நாக்கை மடித்துச் சொல்லும் ஒலிகளை விளக்க ஆசிரியர் படம் வரைந்துகொண்டிருந்தபோது, "ழ" சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

டோஃபெல் அல்லது ஐஈஎல்டிஎஸ் கேட்பார்கள். மொத்த மதிப்பெண்ணோடு பேசும் பகுதிக்குத் தனிக் குறைந்தபட்சம் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தமிழ் தெரியும் என்பதை விண்ணப்பத்தில் ஒளிக்காதீர்கள். இரண்டு மொழி பேசும் வீட்டுக் குழந்தையின் பேச்சு தாமதமா, இல்லை இயல்பான மொழிக்கலப்பா என்று பிரித்தறிய இங்கே ஆள் பற்றாக்குறை.

பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது?

பொதுவாக மூன்று. அவற்றில் குறைந்தது இரண்டு உங்களுக்குப் பாடம் எடுத்தவர்களிடமிருந்து இருக்கட்டும். துறைத்தலைவர் என்பதற்காக உங்கள் முகமே தெரியாதவரிடம் போகாதீர்கள். "ஒழுக்கமான மாணவி, வாழ்த்துகள்" என்று நாலு வரிக் கடிதம் வரும், எந்தப் பயனும் இல்லை. நீங்கள் கிளினிக்கில் ஒரு குழந்தையிடம் தடுமாறியதையும் அடுத்த வாரம் அதைச் சரிசெய்ததையும் பார்த்த மேற்பார்வையாளர் எழுதினால் அதன் எடையே வேறு.

சிலர் "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பார்கள். நம் ஊரில் சகஜம். ஆனால் மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும், நேர்மைக் கேள்வி வந்தால் விண்ணப்பமே போகும். அவரிடம் மரியாதையாகச் சொல்லி, நீங்கள் செய்த வேலைகளைக் குறிப்பாக எழுதிக் கொடுங்கள். கடிதத்தை அவர் எழுதட்டும். இணைப்பு அவருடைய மின்னஞ்சலுக்கு நேராகப் போகும், அது ஸ்பாமில் விழுந்திருக்கும். ஒரு வாரம் கழித்துப் போன் செய்யுங்கள்.

கட்டுரையில் என்ன எழுதுவது?

நான் திருத்திய கட்டுரைகளில் முக்கால்வாசி இப்படித்தான் ஆரம்பிக்கும்: "சிறு வயதிலிருந்தே பிறருக்கு உதவ வேண்டும் என்பது என் கனவு." கனவு நல்லதுதான். ஆனால் அதே வரியை நர்சிங் விண்ணப்பத்திலும் போடலாம், போலீஸ் விண்ணப்பத்திலும் போடலாம்.

ஒரு தங்கையின் கட்டுரையும் அப்படித்தான் இருந்தது. "சரி, நீ கிளினிக்கில் பார்த்ததில் எது ராத்திரி வீட்டுக்கு வந்த பிறகும் மனதில் ஓடியது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: பக்கவாதம் வந்த ஒரு பெரியவர் தண்ணீர் கேட்க நினைத்து "கதவு" என்கிறார். தவறாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிகிறது, தலையை ஆட்டுகிறார், மறுபடி முயல்கிறார், மறுபடியும் "கதவு". இவள் அவசரப்பட்டுத் தண்ணீரை எடுத்துக் கொடுத்துவிட்டாள். மேற்பார்வையாளர் பிறகு, "அவர் இன்னும் பத்து விநாடி முயன்றிருப்பார், நீ அந்த வாய்ப்பை எடுத்துக்கொண்டாய்" என்றாராம். அந்தப் பத்து விநாடியை முதல் பத்தியாக்கினோம். அவளுக்கு எது தெரியவில்லை, எதைக் கற்றுக்கொள்ள வருகிறாள் என்பது தானாகவே அடுத்த பத்தியாக வந்தது.

நோயாளியின் பெயர், ஊர், மருத்துவமனை எதையும் எழுதாதீர்கள். ரகசியம் காக்கத் தெரியாதவர் என்று அந்த இடத்திலேயே மூடிவைத்துவிடுவார்கள். கல்லூரியின் பெயரை மாற்ற மறந்து வேறு கல்லூரிக்கு அனுப்புவது ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. மதிப்பெண் குறைந்த ஒரு செமஸ்டர் இருந்தால் இரண்டு வரியில் காரணம் சொல்லிவிட்டு நகருங்கள். கட்டுரை முழுக்க அழாதீர்கள்.

கவனிப்பு நேரம் (சிகிச்சையைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் நேரம்) எவ்வளவு வேண்டும்?

ஸ்பீச் சான்றிதழுக்கு மொத்தம் 400 மணி நேரம். அதில் 25 மணி வழிகாட்டுதலோடு கவனித்தல், 375 நேரடிப் பணி. அந்த 25-ஐ முன்னதாகவே முடித்து வரும்படி சில கல்லூரிகள் சொல்லும். அமெரிக்கச் சான்றிதழ் உள்ளவரின் கையெழுத்து கேட்பார்கள் என்பதால், வெளிநாட்டில் செய்ததை அப்படியே எடுத்துக்கொள்வார்களா என்று முதலிலேயே கேளுங்கள். பதிவு செய்த வீடியோ அமர்வுகள் வழியாகவும் இதை முடிக்கலாம்.

செலவுக்கு என்ன செய்வது?

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: இந்தப் படிப்புகளில் முழு உதவித்தொகை அபூர்வம். ஆராய்ச்சி பி.எச்டி. மாணவர்களுக்குப் பணம் வருவதுபோல மாஸ்டர்ஸுக்கும் ஏயு.டி.க்கும் வராது. சில கல்லூரிகளில் உதவியாளர் வேலை கிடைத்தால் கட்டணத்தில் ஒரு பகுதி குறையும். அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிமாநிலத்தவர் கட்டணம்தான் நமக்கும். ஏயு.டி.யின் நான்காவது வருடம் முழுநேரப் பயிற்சி. அதற்கு ஊதியம் உண்டா இல்லையா என்பது பயிற்சியிடத்தைப் பொறுத்தது, ஆனால் கல்லூரிக்குக் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கடன் வாங்கும்போது இந்த வருடத்தைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

விசா விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

விண்ணப்பிக்கும் முன்பே கடைசி வருடத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஸ்பீச் மாஸ்டர்ஸ் முடித்ததும் கிளினிக்கல் ஃபெலோஷிப் என்று ஒரு கட்டம்: முழுநேரமாக 36 வாரம், 1,260 மணி நேரம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குப் படிப்பு முடிந்தபின் கிடைக்கும் ஓபிடி என்ற வேலை அனுமதி 12 மாதம். உள்ளே பொருந்திவிடும், ஆனால் நெருக்கித்தான். ஓபிடி காலத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. மாநில உரிமம் கைக்கு வரும்வரை வேலை தொடங்க முடியாது. மே மாதம் பட்டம், ஆகஸ்டில் பள்ளி வேலை என்றால் ஓபிடி தொடங்கும் தேதியை, படிப்பு முடிந்தபின் அனுமதிக்கப்பட்ட 60 நாளுக்குள் முடிந்தவரை தள்ளிப் போடுங்கள்.

ஏயு.டி.க்கு வேறு ஒரு பொறி. நான்காவது வருடப் பயிற்சியை சிபிடி (படிப்பின் பகுதியாக வேலை செய்ய விடும்) அனுமதியில் செய்தால், முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டதும் அந்தப் பட்டத்துக்கான ஓபிடி பறிபோகும். பதினொரு மாதம் சொச்சத்தில் நிறுத்த முடியுமா என்பதை வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் மூன்றாவது வருடத்திலேயே பேசிவிடுங்கள்.

முழு ஆன்லைன் மாஸ்டர்ஸுக்கு எஃப்-1 விசா கிடைக்காது. விளம்பரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இரண்டு இடத்தில் கிடைத்திருக்கிறது. உடனே பதில் சொல்லச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

இந்தத் துறையில் பெரும்பாலான கல்லூரிகள் ஏப்ரல் 15 வரை காத்திருக்க ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதற்கு முன் நெருக்கினால், அவகாசம் கேட்டு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நீங்கள் போகப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த இடத்தை அன்றைக்கே விட்டுக்கொடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் ஒருவர் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நானே காத்திருப்புப் பட்டியலில் இருந்தால்?

ஏப்ரல் 15-க்கு அடுத்த இரண்டு வாரம்தான் பட்டியல் வேகமாக நகரும். இன்னும் ஆர்வம் இருக்கிறது என்று ஒரே ஒரு முறை எழுதுங்கள், புதிய மதிப்பெண் வந்திருந்தால் சேர்த்து அனுப்புங்கள். எனக்கு அழைப்பு வந்தது மே முதல் வாரம், இரவு இரண்டரை மணிக்கு. எண்ணைப் பார்த்து ஏதோ விளம்பரம் என்று கட் செய்துவிட்டேன். நல்லவேளை, மறுபடி அழைத்தார்கள்.